மெதுவா ஒண்ணு, கண்டிப்பா ஒண்ணு, கோவமா ஒண்ணு

ஏனுங், அந்தப் போனை அமுத்தீராதீங்க. இன்னொருக்கா சொல்லும், கேப்போம்.

"அம்மா, மணி ஆச்சுங்க. மாத்திரை வாய்க்குள்ள போச்சுங்களா, இல்ல பைக்குள்ளயே குடும்பம் நடத்துதுங்களா?"

அது நான் தானுங்க. நெசமாத் தான். இப்படிப் பாத்தா எப்படி? வேணும்னா இப்பவே சொல்லிக் காட்டறேன், கேளுங்க. அம்மா, மணி ஆச்சுங்க. பாத்தீங்களா, முன் சீட்டுக்காரரு திரும்பிப் பாக்கறாரு. இதனாலயே நான் பஸ்ல வாயைத் தொறக்கறதில்லீங்க. மொதல்ல நீங்க மாத்திரையப் போடுங்க. பிரசருங்களா? தண்ணி இந்தாங்க. முழுங்குங்க. ஆச்சா? சேரி.

நீங்களும் தாராபுரந்தானுங்களா? அப்ப நல்லதாப் போச்சு. காங்கேயத்துல ஏறுனதுல இருந்து யாருகிட்டயாச்சும் சொல்லோணும்னு நெனச்சுட்டே வர்றேன். நான் தொணதொணன்னு பேசற ஆளு இல்லீங்க. எங்க வீதியிலயே அமைதியான ஆளுன்னா சாந்தாமணி தான்னு சொல்லுவாங்க. சொல்லுவாங்கன்னா, நானே சொல்லிக்குவேன், யாரும் இல்லைன்னு சொன்னதில்ல.

பால்வாடியில டீச்சரா இருந்தேனுங்க. அத்தனை கொழந்தைகளையும் குரலாலயே உக்கார வெச்சு, சாப்பட வெச்சு, தூங்க வெச்சவ நான். ரிட்டேர் ஆன பொறகு இந்தக் குரலுக்கு வேலையே இல்லாமப் போச்சு. ஊட்டுல அவரு ஒருத்தரு தான். அவரு நூல் மில்லுல பிட்டரா இருந்து ஓய்வானவரு. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுனா அதிகம். அவருகிட்ட எத்தனை நேரந்தான் பேசறது, நீங்களே சொல்லுங்க. செவுத்துல பந்து எறிஞ்சா அதாச்சும் திரும்பி வரும்.

பொண்ணு யமுனா பெங்களூர்ல இருக்கறா. அவ தான் ஒருக்கா ஊருக்கு வந்தப்ப, "அம்மா, நீ அப்பாவை விட்டுரு, உன்ற குரலை நெட்டுல போட்டு வுடறேன்"னு சொல்லி ஒரு தளத்துல என்னைச் சேத்து வுட்டா. கொரலு குடுக்கறவங்களுக்குன்னே அப்படித் தளம் இருக்குதுங்க. விளம்பரம் எடுக்கறவங்க, ஆப் செய்யறவங்க எல்லாம் அங்க வந்து என்ன வேணும்னு எழுதிப் போடுவாங்க. நாம அவங்க குடுத்த நாலு வரியைப் பேசி அனுப்போணும். புடிச்சா கூப்புடுவாங்க. நம்ம கண்ணபுரம் மாட்டுச்சந்தை மாதிரி தானுங்க. வரிசையா நிக்கோணும், வர்றவன் பல்லைப் புடிச்சுப் பாப்பான், போயிருவான்.

சேரும்போது ஒவ்வொண்ணாக் கேக்கும். ஆம்பளைக் கொரலா, பொம்பளைக் கொரலா, என்ன பாசை, கொரலுக்கு என்ன வயசு. எனக்கில்லைங்க, கொரலுக்கு. நான் முப்பதுன்னு போடச் சொன்னேன். அப்பறம் எப்படிப்பட்ட கொரலுன்னு கேட்டுச்சு. கம்பீரம், குறும்பு, கனிவுன்னு பட்டனா இருந்துச்சு. கனிவை அமுத்துன்னு சொன்னேன். அவரு பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தாரு. "கனிவா?"ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. தென்னைக்குத் தண்ணி கட்டோணும்னு வெளிய போயிட்டாரு. அன்னிக்குத் தண்ணி மொறையே இல்லீங்க, அது வேற.

போட்டோவும் வேணும்னாங்க. கொரலுக்கு எதுக்கு மூஞ்சின்னு எனக்குப் புரியல. இருந்தாலும் யமுனா கல்யாணத்துக்குக் கட்டுன பட்டைக் கட்டிப் புடிச்சு அனுப்புனேன்.

ரெக்கார்டிங் எங்கீன்னு நெனைக்கறீங்க? மர அலமாரிக்குள்ளங்க. சேலையெல்லாம் தொங்குதில்ல, அதுக்குள்ள தலையை வுட்டுப் பேசுனா எதிரொலி வராதாம். சுத்தியும் கம்பளி கட்டி வுட்டாரு. பேன் போடக்கூடாது, சத்தம் புடிச்சுக்கும். சித்திரை வெயில்ல கம்பளிக்குள்ள உக்காந்து 'குளுகுளு குற்றாலம்'னு ஒரு ஓட்டல்காரனுக்குப் பேசி அனுப்புனேன். அது போதாதுன்னு எங்க பக்கம் மயிலு ஜாஸ்தி. சேரியான எடத்துல வந்து கத்தும். அவரு வெளிய துண்டோட நின்னு மயிலை முடுக்கி வுடோணும், நான் உள்ள பேசோணும், அவரு ஓடியாந்து பட்டனை அமுத்தோணும். மில்லுல மிசினோட பழகுன கையில்லீங்களா, கம்ப்யூட்டர்ல வெட்டறது ஒட்டறதெல்லாம் அவரே பழகிட்டாரு. எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் கலைஞரு, அவரு டெக்னீசன்.

அனுப்பிச்சேன், அனுப்பிச்சேன், அனுப்பிட்டே இருந்தேனுங்க. பட்டுச் சேலை, இருமல் மருந்து, வீட்டு மனை, கல்யாண மண்டபம். எல்லாத்தையும் தேனாட்டம் பேசுனேன். ஒருத்தரும் கூப்புடல. அதுல என்ன கொடுமைன்னா, நம்ம கொரலை அவங்க கேட்டாங்களான்னு அந்தத் தளமே காட்டிக் குடுத்துரும். கேட்டாங்க, ஆனா முழுசாக் கேக்கல. வணக்கம்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அமுத்திருக்காங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. அத்தனை வருசம் ஊர்க் கொழந்தைகளெல்லாம் கேட்ட கொரலுங்க இது. ஒருத்தன் சித்த நேரம் உக்காந்து கேக்க மாட்டேங்கறானேன்னு இருந்துச்சு. அவருகிட்டச் சொல்லல. சொல்லாமயே அன்னிக்கு அவரே காப்பி போட்டாரு. சக்கரை தூக்கலு.

அப்பத் தான் இந்த மாத்திரை வந்துச்சு. சென்னையில ஒரு சின்னக் கம்பெனி. வயசானவங்களுக்கு நேரத்துக்கு மாத்திரையை ஞாபகப்படுத்தற ஆப்புக்குக் கொரலு வேணும்னு போட்டிருந்தாங்க. ஆதவன்னு ஒரு தம்பி. நானும், "அன்பான அம்மா, இது உங்கள் மாத்திரை நேரம்"னு நெம்பக் கனிவாப் பேசி முடிச்சேன். முடிச்சுட்டு அலமாரியில இருந்து தலையை எடுக்கறேன், இவரு எதுத்தாப்புல ஸ்டூல்ல உக்காந்துட்டு இருக்காரு, சட்டைப் பையில காலையில நான் குடுத்த மாத்திரை அப்படியே கெடக்குது. ரெண்டு வருசத்துக்கு முன்னால நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்குதுங்க அவருக்கு. மாத்திரை ஒரு வேளை தப்பக்கூடாதுன்னு டாக்டர் என்ற கையைப் புடிச்சுச் சொன்னாரு. எனக்கு எப்படி இருக்கும்? கோவமெல்லாம் படல. சும்மா கேட்டேன். ஏனுங், மணி என்ன ஆச்சுங்க, மாத்திரை வாய்க்குள்ள போச்சுங்களா, இல்ல பைக்குள்ளயே குடும்பம் நடத்துதுங்களா, நாளைக்கு நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தா நான் எந்த ஊரு வண்டியப் புடிச்சுட்டு ஓடறதுங்கன்னு. இப்படியே ஒரு நாலு வார்த்தை. ஒரு 'ங்க' கொறைஞ்சிருக்குமா பாருங்க? அவரை மரியாதை கொறைச்சு நான் பேசுனதே இல்லீங்க.

அது முச்சூடும் ரெக்கார்டாயிருச்சு. பட்டனை அவரு அமுத்தவே இல்ல. சேரி, அது போகட்டும். அனுப்பும்போது முன்னால நான் கனிவாப் பேசுனதை வெட்டிட்டு, பின்னால இதை அனுப்பி வெச்சுட்டாரு. தப்பா வெட்டிட்டாருங்க. வயசாகுதில்ல, கண்ணும் சேரியாத் தெரியறதில்ல. ஏனுங் இப்படிப் பண்ணுனீங்கன்னு கேட்டா, "கை மாறிப்போச்சு புள்ள"ங்கறாரு. மில்லுல முப்பது வருசமா ஒரு நூலு அறுக்காத கை. எனக்கு என்ற மானமே போச்சுன்னு இருந்துச்சு.

மறுநாளே ஆதவன் கூப்புட்டான். "அம்மா, உங்களைத் தான் தேடிட்டு இருந்தோம்"னான். நாங்க கேட்ட எல்லாக் கொரலும் ஆஸ்பத்திரி நர்சு மாதிரி இருந்துச்சு, உங்களுது ஒண்ணு தான் ஊட்டுல இருந்து வர்ற மாதிரி இருந்துச்சுன்னு சொன்னான். பின்னால பூனை ஏதோ கத்துதேன்னு கேட்டான். பூனையில்ல சாமி, மயிலுன்னு சொன்னேன். அதையும் வெச்சுக்கலாம்னு சொல்லிட்டான்.

அதுக்கப்பறம் நிக்க நேரமில்லீங்க. தளத்துல நாம போய்க் கேக்க வேண்டியதே இல்லாமப் போச்சு. அவங்களே நேரா என்ற பேருக்கு எழுதறாங்க. தண்ணி மோட்டரை நிறுத்தச் சொல்லறதுக்கு ஒருத்தரு. பள்ளிக்கொடத்துப் பசங்க ஹோம்வொர்க்குக்கு ஒருத்தரு. ஒரு அடுக்குமாடியில, தலைக்கவசம் போடாம வண்டியை எடுத்தா வாசல் கேட்டுகிட்ட என்ற கொரலு கேக்குமாம். "தலை ஒண்ணு தானுங்க இருக்குது, ரெண்டு வெச்சிருக்கீங்களா?" ஒருக்கா பேசுனவங்க விட மாட்டேங்கறாங்க, மறுக்கா மறுக்கா வர்றாங்க. எல்லாருமே கேக்கறது ஒண்ணு தான். அந்த மாத்திரை மாதிரியே வேணும்மா, அப்படியே வேணும்மாங்கறாங்க. அந்தக் கனிவு தானுங்க. நான் அன்னிக்கே பட்டனை அமுத்திச் சொன்னேன், இவரு தான் 'கனிவா'ன்னு கேட்டுட்டுப் போனாரு.

ஒண்ணு மட்டும் உண்டு. இவரு எதுத்தாப்புல அந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கோணும். அப்பத் தான் வரும். பட்டன் அமுத்தறதுக்கு ஆளு வேணுமில்லீங்களா, அதுக்குத் தான். அவரைப் பாத்துட்டே பேசுவேன். மோட்டரை நிறுத்துனீங்களாம்பேன், அவரு தலையைக் குனிஞ்சுக்குவாரு. ஹோம்வொர்க் எழுதுனீங்களாம்பேன், அதுக்கும் குனிஞ்சுக்குவாரு.

இப்ப வர்றேன் விசயத்துக்கு. ஊதியூரு தாண்டிருச்சுங்களா? சேரி.

போன மாசம் ஆதவன் கூப்புட்டு, ஆப்பைப் புதுசு பண்றோம்மா, இனிமே அம்மா, தாத்தான்னு பொதுவாக் கூப்புடாம அவங்கவங்க பேரைச் சொல்லியே கூப்புடப் போறோம்னான். நம்ம பக்கத்துப் பெரியவங்க பேரெல்லாம் எடுத்துப் பட்டியல் போட்டு அனுப்பி வுட்டான். ஒவ்வொரு பேரையும் மூணு மாதிரி சொல்லோணும். மெதுவா ஒண்ணு, கண்டிப்பா ஒண்ணு, கோவமா ஒண்ணு. மாத்திரை போடப் போட மெதுவாக் கூப்புடும், போடலைன்னா கோவமாக் கூப்புடும். கேக்கவே நல்லா இருந்துச்சு. நானும் ஆரம்பிச்சேன். கருப்பாத்தா, ராமாத்தா, பழனாத்தா, சென்னியப்பன், குப்புசாமி, காளியண்ணன். ஊரையே கூப்புட்டேனுங்க. அலமாரிக்குள்ள உக்காந்துட்டு ஊரையே மூணு மாதிரி கூப்புட்டேன். அவரு எதுத்தாப்புல உக்காந்து அமுத்திட்டே இருந்தாரு.

அப்படியே போயிட்டு இருக்கறப்ப அவரு பேரு வந்துருச்சு.

உங்க ஊட்டுக்காரரு பேரை நீங்க சொல்லுவீங்களா? சொல்லுவீங்க, இந்தக் காலத்து ஆளு. நான் சொல்ல மாட்டேனுங்க. சொன்னதே இல்ல. கல்யாணமாகி வந்த புதுசுல என்ற மாமியா ஒரே ஒரு விசயந்தான் சொல்லி வுட்டாங்க. கட்டுனவன் பேரை வாயில எடுத்தா அவன் ஆயுசு கொறையும்னு. அவங்க சொன்ன மத்த ஒண்ணையும் நான் கேட்டதில்ல. இது மட்டும் உள்ள எறங்கிருச்சு. ரேசன் கடையில கார்டை நீட்டீருவேன். ஊசி போடற எடத்துல ஆதாரை நீட்டீருவேன். போன்ல 'யமுனா அப்பா'ன்னு தான் போட்டு வெச்சிருக்கறேன். ஸ்டென்ட் வெச்சாங்கன்னு சொன்னேனில்ல, அன்னிக்கு ஆஸ்பத்திரியில அந்தப் புள்ள பேசண்டு பேரு சொல்லுங்க, பேசண்டு பேரு சொல்லுங்கன்னு கத்துது. அவரை உள்ள தள்ளிட்டுப் போறாங்க. எனக்கு வாயே வரலீங்க. அந்த நேரத்துலயா சொல்லுவேன்? பக்கத்துல நின்ன ஆரோ ஒருத்தருகிட்டக் கார்டைக் குடுத்துப் படிக்கச் சொன்னேன்.

அதனால அந்தப் பேரைத் தாண்டி அடுத்த பேருக்குப் போயிட்டேன். அவரு மிசினை நிறுத்துனாரு. ஒண்ணு விட்டுப்போச்சுன்னாரு. போகட்டும்னேன். மறுபடியும் அமுத்துனாரு. அனுப்பியாச்சு.

ஆதவன் விடுவானா? அம்மா, ஒரே ஒரு பேரு வரலைன்னான். அதுவும் உங்க பக்கம் அந்தப் பேரு நெம்பப் பேருக்கு இருக்குதும்மா, அது இல்லாம வுட முடியாதுன்னான். தொண்டை சேரியில்லன்னேன். கரண்டு இல்லன்னேன். மயிலுன்னேன். கடைசியில இவரே ஒரு வேலை பண்ணுனாரு. நான் சொன்ன வேற ரெண்டு பேருல இருந்து பாதி பாதி வெட்டி, ஒட்டி, அவரு பேரை அவரே செஞ்சுட்டாரு. ரெண்டு நாளு உக்காந்து செஞ்சாருங்க. போட்டுக் காட்டுனாரு. கெணத்துக்குள்ள இருந்து ஆரோ கூப்புடற மாதிரி இருந்துச்சு. ஆதவன் கேட்டுட்டு, ஒட்டுப்போட்டது தெரியுதும்மா, நீங்களே ஒருக்கா சொல்லிருங்கம்மான்னான். இந்த வெள்ளிக்கெழமைக்குள்ள மூணு மாதிரியும் வரலைன்னா எல்லாத்தையும் வேற கொரலுக்கு மாத்த வேண்டியதா இருக்கும், ஒரே கொரலாத் தான் இருக்கோணும், எங்களுக்கும் மனசில்லம்மான்னான். மாத்திரை போனா மத்ததும் போயிருமுங்க. எல்லாருமே அதைக் கேட்டுத் தான் என்கிட்ட வந்தவங்க.

அன்னிக்கு இவரு ஸ்டூலை வுட்டு எந்திரிச்சு வந்து நின்னாரு. அவரு பேசி நான் கேட்டதுல அது தான் நீளமான பேச்சு.

"ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் கூப்புட்டயே புள்ள. மூணு மூணு மாதிரி கூப்புட்ட. நான் எதுத்தாப்புல உக்காந்து கேட்டுட்டே இருந்தேன். என்னை ஒருக்கா கூப்புட்டா என்ன?"

எனக்கு வந்துச்சு பாருங்க. ஆயுசு உங்களுக்குக் கொறையும், கூப்புட்டுட்டு நான் ஒத்தையில இந்த ஊட்டுல என்ன பண்றதுங்கன்னு கேட்டேன். இன்னும் ரெண்டு கேட்டேன். மெதுவாத் தான் கேட்டேன். எதுத்த ஊட்டுக்காரம்மா வந்து எட்டிப் பாத்தாங்க, அவங்க எப்பவுமே எட்டிப் பாக்கற ஆளு.

மறுநாளு இவரு பையை எடுத்துட்டுத் தாராபுரத்துக்கு அவரு அக்கா ஊட்டுக்குப் போயிட்டாரு. கோவிச்சுட்டெல்லாம் போகலீங்க. கோவிச்சுட்டுப் போறவங்க காசி, ராமேசுவரம்னு போவாங்க. இவரு ஒரு மணி நேர பஸ்சுல போயிருக்காரு. அங்க கோயில்ல நோம்பி, திருவிழா தானுங்க. இன்னும் நாள் குறிச்சுச் சாட்டலையாம், சாட்டிருவாங்க. போகும்போது, நான் இல்லாதப்ப சொல்லிப் பாருன்னு சொல்லிட்டு, மிசினை எப்படி அமுத்தறதுன்னு சாக்பீஸ்ல அலமாரிக் கதவுலயே எழுதி வெச்சுட்டுப் போயிருக்காரு.

சொல்லிப் பாத்தேனுங்க. அலமாரிக்குள்ள தலையை வுட்டுட்டு உக்காந்தேன். எதுத்தாப்புல ஸ்டூலு காலி. வாயே வரல. அந்தப் பேரை வுடுங்க, மத்ததும் வரல. மோட்டர்காரங்களுக்கு நாலு வரி பேசி அனுப்புனேன். அவங்க உடனே கூப்புட்டு, ஏம்மா ஒடம்பு சேரியில்லீங்களான்னு கேட்டாங்க. தேனாட்டம் தானுங்க பேசுனேன். அதுக்கே கேக்கறாங்க.

ஊட்டுல சத்தமே இல்லீங்க. மயிலு கத்துது, முடுக்கறதுக்கு ஆளில்ல. சோறு ஆக்குனா மிஞ்சுது. நான் ஆரையும் தேடற ஆளு இல்ல. இருந்தாலும் அந்தக் கொரலு கேக்கலைன்னா, அதாவது அவரு கொரலு, நாலு வார்த்தை தான் பேசுவாருன்னாலும், என்னமோ மாதிரி இருக்குது. தேடுதுங்க. சொன்னா என்ன, தேடுது.

நேத்துக் காலையில நங்கை கூப்புட்டாங்க. நங்கைன்னா அவரு அக்கா தான். உன்ற ஊட்டுக்காரன் வந்ததுல இருந்து மாத்திரையே போடறதில்ல சாந்தா, நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கறான்னாங்க. போனை அவருகிட்டக் குடுங்கன்னேன். வாங்குனாரு. ஏனுங், அந்த ஆப்பை உங்க போன்ல போட்டு வெச்சிருக்கறேனே, அது நேரத்துக்குக் கூப்புடலீங்களான்னு கேட்டேன்.

"கூப்புடுது"ன்னாரு. "உன்ற கொரலு தான் கூப்புடுது. தாத்தான்னு கூப்புடுது. காளியண்ணனை எல்லாம் பேரு சொல்லிக் கூப்புடப் போகுது. நான் தாத்தா. தாத்தா எதுக்கு மாத்திரை போடோணும்?"

ஆயுசு கொறைஞ்சிருமோன்னு நான் இத்தனை வருசமாப் பேரை வாயிலயே வெச்சுக் காப்பாத்திட்டு இருக்கறேன். இவரு பேரு சொல்லலைன்னு மாத்திரைய நிறுத்திட்டாரு. மாமியா இருந்தா கேக்கலாம், ஏனுங் அத்தே, இப்ப எது கொறைக்குதுங்கன்னு. அவங்க போய்ச் சேந்துட்டாங்க.

அதனால தானுங்க காலையில எந்திரிச்சு இந்தப் பஸ்ஸைப் புடிச்சேன். பத்து மணி வண்டியில வர்றேன்னு நங்கைகிட்டச் சொல்லிட்டேன், அவருகிட்டச் சொல்லல. கூட்டிட்டு வந்துரலாம்னு. வேலை கெடக்குதில்லீங்களா, பட்டன் அமுத்த ஆளு வேணும். நாளைக்கு வெள்ளிக்கெழமை. ஸ்டூல்ல உக்கார வெச்சு, கண்ணை மூடிட்டுச் சொல்லிரோணும். வர்ற வழியெல்லாம் மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்துட்டுத் தான் வர்றேன். நீங்க ஏறுனப்ப நான் வாயை மெல்லற மாதிரி இருந்தனே, அது வெத்தலை இல்லீங்க.

கோவமாச் சொல்லிரலாமுங்க. அது பிரச்சனையே இல்ல. கண்டிப்பாவும் சொல்லிரலாம். அந்த மொதல் மாதிரி இருக்குது பாருங்க, மெதுவா, அது தான் உள்ள இருந்து மேல ஏற மாட்டேங்குது. பழனாத்தாளை மெதுவாக் கூப்புட்டேன், காளியண்ணனை மெதுவாக் கூப்புட்டேன். இவரை எப்படிங்க? மெதுவா நான் இவரைக் கூப்புட்டுப் பழக்கமே இல்லையே. ஏனுங்கன்னா திரும்பிப் பாப்பாரு, அவ்வளவு தான்.

ஸ்டாண்டு வந்துருச்சுங்களா? பையை எடுத்துக்கோங்க. அந்தத் தூக்கு என்னுது, அரிசிம்பருப்பு சோறு, அவருக்கு. நங்கை ஊட்டுல காரம் ஜாஸ்தி.

இருங்க. சித்த இருங்க.

அதா. டீக்கடை ஓரமா, நீலச் சட்டை. அவரு தானுங்க. நங்கை சொல்லீட்டாங்க போல. எத்தனை நேரமா நிக்கறாரோ, வெயில்ல தலையில துண்டு கூடப் போடாம. எளைச்சுட்டாரு பாருங்க. கழுத்தெலும்பு இங்கிருந்தே தெரியுது. காங்கேயம் வண்டி எதுன்னு ஒவ்வொண்ணா போர்டைப் பாத்துட்டு இருக்காரு, இந்த வண்டியைத் தவிர எல்லாத்தையும் பாக்கறாரு.

நாச்சிமுத்து.

...

கேட்டுச்சுங்களா உங்களுக்கு? வந்துருச்சுங்க. மெதுவா. நானே நெனைக்கல. அவருக்குக் கேட்டிருக்காது, அத்தனை தூரத்துல எப்படிக் கேக்கும். ஒண்ணும் ஆகலீங்களே? நின்னுட்டுத் தான் இருக்காரு. நல்லாத் தான் நின்னுட்டு இருக்காரு. சித்த இருங்க, கண்ணு கலங்குது, தொடைச்சுக்கறேன்.

ரெக்கார்டா? இல்லீங்க, எதையும் அமுத்தல. இன்னொருக்கா இதே மாதிரி வரும், எதுத்தாப்புல போய் நின்னா வரும், எனக்குத் தெரியுது. ஆனா இதை அனுப்ப மாட்டேனுங்க. எத்தனை ஊர்ல எத்தனை பேரு அதே பேரை வெச்சுட்டு இருக்கறாங்களோ, அத்தனை பேரு போன்லயும் போய் நான் இப்படியா கூப்புடுவேன்? ஆதவன் வேற கொரலு பாத்தாப் பாத்துக்கட்டும். கோவமா ஒண்ணு தர்றேன், கண்டிப்பா ஒண்ணு தர்றேன். மெதுவா வேணும்னா அவங்கவங்க ஊட்டுக்காரிகிட்டக் கேட்டு வாங்கிக்கட்டும்.